தூண்டிலோடு ஆழ்கடலுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சென்னையிலிருந்து கடலுக்குள் போய்த் தூண்டில் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் ஆறு பேர் கிளம்பலாம் என்று இருக்கிறோம். காசிமேட்டில் தெரிந்த ஒருவர் விசைப்படகில் கூட்டிப்போகிறேன் என்கிறார். இன்னொருவர் பைபர் படகு, வேகமாகப் போகும் என்கிறார், ஆனால் இரண்டு மடங்கு கேட்கிறார். எதில் போவது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படி இருந்தால் அன்றைக்குப் போக மாட்டீர்கள்?" நல்ல படகோட்டி யோசிக்காமல் சொல்லிவிடுவார், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போக மாட்டேன், வானிலை மையம் மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தால் போக மாட்டேன், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பேச்சே இல்லை என்று. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவரின் படகு எவ்வளவு புதிதாக இருந்தாலும், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஏறாதீர்கள். இதை நான் ரொம்ப அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முன்பணம் வாங்கிவிட்ட பிறகு விடியற்காலை நாலு மணிக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வதற்கு அனுபவமும் வேண்டும், நேர்மையும் வேண்டும். அப்படிச் சொன்னால் முன்பணம் திரும்ப வருமா, வேறு நாளுக்கு மாறுமா என்பதையும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு தெளிவாக இருந்தால்தான் அவருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரும்.

அடுத்தது காகிதங்கள். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகும், ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்ற படகும் ஒன்றல்ல. பதிவு, அனுமதி, காப்பீடு மூன்றையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கடலில் தமிழகக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமமோ மத்திய அரசின் கடலோரக் காவல்படையோ நிறுத்திக் கேட்டால் ஒவ்வொருவரும் அடையாள அட்டை காட்ட வேண்டியிருக்கும், ஆதாரை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். கரையிலேயே போட்டுப் பார்த்து, கடைசி வரை கழற்றாமல் இருக்க வேண்டும். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், கிறிஸ்துமஸ் நாளில் குடும்பத்தோடு உல்லாசமாகப் போனவர்கள். படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்கள், உடம்பில் அங்கி இல்லை. அது ஆழ்கடல் கூட இல்லை, ஏரி. ஆகவே ஆறு பேர் என்று பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் எட்டுப் பேராகப் போய் நிற்காதீர்கள்.

விசைப்படகா பைபரா என்றால், தூண்டிலுக்கு நான் பைபர் பக்கம்தான். விசைப்படகு வலை இழுக்கக் கட்டியது. தளத்தில் கயிறும் வின்ச்சும் நிறைந்திருக்கும், ஆறு பேர் ஆளுக்கொரு ராடு வைத்துக்கொண்டு நிற்க இடம் போதாது, மெதுவாகப் போவதால் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே பாதிக் காலை கழிந்துவிடும். ஆனால் பைபர் என்றால் இரண்டு இன்ஜின் இருக்கிறதா, வி.எச்.எப் ரேடியோ வேலை செய்கிறதா, படகோட்டியோடு இன்னொரு ஆள் வருகிறாரா என்று பாருங்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் செல்போனை நம்ப முடியாது, ரேடியோவில் 16-ஆம் சேனல்தான் துணை. சிக்னல் இருக்கும் தூரத்தில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணையும் உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்கள் போனிலும் பதிந்து வையுங்கள். எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் மீன் நன்றாகக் கிடைக்கும்? தடைக்காலத்தில் போகலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: மீனுக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம், வாடையும் புயலும் மாறி மாறி வரும், அதை விட்டுவிடுங்கள். தை பாதி கழிந்து வாடை தணிந்ததும் கடல் படியத் தொடங்கும். பிப்ரவரியும் மார்ச்சும்தான் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் மாதங்கள். வெயில் ஏற ஏறத் தென்காற்று பலக்கும், நடுப்பகலில் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும், அதனால்தான் இருட்டோடு கிளம்பி மதியத்துக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அப்போது மேற்கிலிருந்து கச்சான் வீசும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையில் நின்று பார்த்தால் கடல் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும், "இதைவிட நல்ல நாள் ஏது" என்று தோன்றும். உள்ளே போகப் போகத்தான் அலை வளரும். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் படகு கரைக்கு வராது, கிழக்கே போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது இன்ஜினும் நங்கூரமும் போதுமான கயிறும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான். மாலை இடிமழையும் அந்த மாதங்களில் திடீரென்று கட்டும்.

நீரோட்டமும் சேர்த்துத்தான் கணக்கு. நம் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வண்ணி என்றும் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சொல்வார்கள். எது ஓடுகிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஈயம் அடியில் நிற்குமா, இழுத்துக்கொண்டு போகுமா என்பது மாறிவிடும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலையின் உயரம், காற்று, மீன் கூடக்கூடிய இடங்கள் எல்லாம் தினமும் வெளியிடுகிறது, அதை முந்தின நாள் இரவு பாருங்கள். ஆனால் காலையில் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துப் படகோட்டி வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு.

தடைக்காலம்: நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். 2001-இல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது, 2017-இல் 61 ஆக்கினார்கள். இது விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் உள்ள தடை, நாட்டுப்படகுகளுக்கு இல்லை. அதை வைத்துக்கொண்டு "பைபரில் போகலாமே" என்று கேட்கிறார்கள். மீன் முட்டையிடும் காலம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டு மாதம் சம்பாத்தியம் இல்லாமல் இருக்கும்போது, பொழுதுபோக்குக்குப் போகிற நாம் அந்த நாட்களில் கரையில் இருப்பதுதான் முறை. என்னிடம் கேட்டால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: கணவரும் மகனும் போகிறார்கள், எனக்கும் ஆசை. ஆனால் எனக்கு ஏற்காடு பஸ்ஸிலேயே குமட்டும். படகில் பெண்களுக்கு வசதி இருக்குமா? மகனுக்கு வயது ஒன்பது.
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: குமட்டல் வரக்கூடும் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, படகின் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது, இந்த முரண்தான் தலைசுற்றலாக வருகிறது. ஆகவே போனைப் பார்க்காதீர்கள், குனிந்து முடிச்சுப் போடும் வேலையை அடுத்தவருக்குக் கொடுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும், நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் உட்காருவது நல்லது, ஆனால் இன்ஜின் புகை முகத்தில் படாத பக்கமாக. இதற்கான மாத்திரைகள் மருந்துக்கடையில் உண்டு. குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும். வேறு மாத்திரை ஏதாவது தினமும் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, முந்தின இரவு பிரியாணியோடும் போகக் கூடாது. இரண்டு இட்லி போதும், இஞ்சி ஒரு துண்டு வாயில் இருக்கட்டும்.

வசதி பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, இதை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. பெரும்பாலான பைபர் படகுகளில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே ஆறு ஏழு மணி நேரம் வெயிலில் இருந்துவிடுகிறார்கள், குமட்டலைவிட அதுதான் ஆபத்து. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேபினும் கழிப்பறையும் உள்ள பெரிய படகு கிடைத்தால் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் மூன்று மணி நேரத்தில் திரும்பும் கிட்டத்துப் பயணமாகப் பேசுங்கள். முதல்முறைக்கு அதுவே நிறைவாக இருக்கும்.

மகனுக்குப் பெரியவர்களின் அங்கி உதவாது. குழந்தை அளவு அங்கியை மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடைக்கு மேல் ஏறிவிட்டால் அது அவனைக் காப்பாற்றாது. சரியான அளவு படகில் இல்லை என்றால் அவனை அன்றைக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

கேள்வி: ஏரியில் கெண்டை பிடிக்கும் ராடும் ரீலும் என்னிடம் இருக்கிறது. அதையே கொண்டுபோகலாமா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: கரையோரக் கல்லில் உட்கார்ந்து சின்ன மீன் பிடிக்க அது போதும், உள்ளே வேண்டாம். பாறை மீன் ஒன்று அடித்துக் கீழே இழுத்தால் நூல் சரசரவென்று ஓடும், ரீலுக்குள் இருக்கும் டிராக், அதாவது நூல் ஓடுவதைப் பிடித்து நிறுத்தும் பிரேக், அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஏரி ரீல் தாங்காது. உப்பும் உள்ளே போய் ஒரே நாளில் துருவை ஆரம்பித்துவிடும். முதல்முறை படகிலேயே இருக்கும் சாமானை வாடகைக்கு எடுங்கள், எந்த முறை பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம். படகை ஓட்டிக்கொண்டே செயற்கை இரையைப் பின்னால் இழுப்பது டிரோலிங். வஞ்சிரம், சீலா, சூரை எல்லாம் இதில் அடிக்கும். படகை நிறுத்திவிட்டு ஈயத்தால் செய்த மீன் மாதிரியை அடி வரை இறக்கி வெட்டி வெட்டித் தூக்குவது ஜிக்கிங். இதற்குத் தோள் வேண்டும். கணவாயையோ இறாலையோ கோத்து அடியில் போட்டுக் காத்திருப்பது பழைய முறை, களவாயும் சங்கராவும் அதற்கு வரும், முதல்முறைக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பாமல் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

எதைச் செய்தாலும் டிராக்கை நூலின் அறுபடும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பல் கத்தி மாதிரி, முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி இல்லையென்றால் இரையோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். ஓடும் நூலை வெறும் கையால் பிடிக்கவே கூடாது, பின்னல் நூல் விரலைச் சதையோடு அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மென்மையாகக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அடித்தால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும்.

கேள்வி: மயில் மீன் பிடித்தவர்கள் அதைத் திரும்பக் கடலில் விட்டுவிடுவதாகப் படித்தேன். மார்க்கெட்டில் விற்கிற மீன்தானே, ஏன் விட வேண்டும்? அது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகுமாமே?
– வாசகர், ராயபுரம்

பதில்: வேகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 110 பழைய கணக்கு, பிறகு செய்த அளவீடுகள் அதைவிட மிகக் குறைவாகத்தான் காட்டுகின்றன. ஆனாலும் அது முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு தண்ணீரை விட்டு எழும்பும்போது வேகத்தைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள்.

மயில் மீனைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றமில்லை, அதை விற்றுப் பிழைக்கும் மீனவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நாம் போவது பிழைப்புக்கு இல்லை. ஆளைவிட நீளமான ஒரு மீனை ஆறு பேர் சாப்பிட்டுத் தீர்க்கவும் முடியாது, அதனால் விடுகிறோம். ஆனால் விடுவதையும் ஒழுங்காக விட வேண்டும். படமெடுப்பதற்காக மூக்கைப் பிடித்துப் படகுக்குள் தூக்கிப் போட்டு, மாற்றி மாற்றி மடியில் வைத்து, பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரில் தள்ளினால் அது கண்ணுக்கு மறைந்த பிறகு செத்துப்போகலாம். இழுத்துக் களைத்த மீனுக்கு மூச்சு வேண்டும். தண்ணீரிலேயே வைத்து, மூக்கைக் கையுறையோடு பிடித்து, படகை மெதுவாக முன்னால் நகர்த்தினால் தண்ணீர் வாய் வழியாகப் போய்ச் செவுளைக் கழுவும், துடுப்பின் நிறம் திரும்பும், அதுவாகவே கையை உதறும். அப்போது விடுங்கள். வட்டமாக வளைந்த முள் போட்டிருந்தால் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும், எடுப்பதும் எளிது. படம் வேண்டுமா, தண்ணீரில் இருக்கும்போதே எடுங்கள்.

இன்னொன்று, ஆமை, டால்பின், திமிங்கலச் சுறா இவையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம், மேலே மிதக்கும், படகை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் மீன்பிடிக் குடும்பம். இரண்டு பேர் வந்து, "உங்கள் பைபரில் சனி ஞாயிறு ஆட்களைக் கூட்டிப்போங்கள், நாளுக்கு இவ்வளவு தருகிறோம்" என்கிறார்கள். எனக்குச் சரி என்று படுகிறது, அப்பா கூடாது என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், கோவளம்

பதில்: உங்கள் அப்பா ஏன் கூடாது என்கிறார் என்று உட்கார்ந்து கேளுங்கள், அவர் காரணம் பலமாகத்தான் இருக்கும். வலைக்குப் போனால் படகில் இருப்பவர்கள் எல்லாரும் கடல் தெரிந்தவர்கள், அலை வாயில் படகு தூக்கினால் எங்கே பிடிப்பது, எந்தப் பக்கம் சாய்வது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீச்சல் தெரியாத ஆறு பேரை வைத்துக்கொண்டு கரையிலிருந்து அலை உடைத்துப் போவது வேறு வேலை. ஒருவர் விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையது. மீன்பிடிப் பதிவில் ஆட்களை ஏற்றினால் விபத்து நடந்த அன்று காப்பீடு கைவிரித்துவிடலாம். மீன்பிடிக்கென்று மானியத்தில் வாங்கிய எண்ணெயை இதற்கு ஊற்றினால் அதுவும் பிரச்சினைதான்.

ஆனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கடலடிப் பாறைத்திட்டான பார் எங்கே இருக்கிறது, ஆலாப் பறவை எங்கே விழுந்து விழுந்து எழுகிறது, எந்த நீரோட்டத்தில் எந்த மீன் ஏறும் என்பதெல்லாம் உங்கள் வீட்டுப் படிப்பு. இதற்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், நடுவில் நின்று போனில் பேசுகிறவருக்குப் போகக் கூடாது. நாள்கூலிக்குப் படகைக் கொடுக்காதீர்கள். ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் போய் என்ன அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, அனுமதி, காப்பீடு, அங்கி, ரேடியோ எல்லாம் வாங்கிச் செய்தால் அது தொழில். முக்கியமாக, காற்று சரியில்லை என்றால் போவதில்லை என்று முடிவு செய்கிற அதிகாரம் உங்கள் அப்பாவிடம் இருக்க வேண்டும். பணம் கொடுத்தவரிடம் இருக்கக் கூடாது. இந்த ஒன்றை ஒத்துக்கொள்ளாத ஆளோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்திலும் முன்னாலேயே பேசிவிடுங்கள். கடலுக்குள் போட்டிருக்கும் செயற்கைப் பார்களில் உங்கள் ஊர்க்காரர்கள் தூண்டில் போடும் நேரத்தில் வெளியாட்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் சண்டை வரும், வருவதில் நியாயமும் இருக்கிறது. அங்கே போகிற வாசகர்களுக்கும் சொல்கிறேன், வலை கிடக்கிற மிதவையைக் கண்டால் சுற்றிப் போகச் சொல்லுங்கள், டிரோலிங் முள் ஒரு வலையில் மாட்டினால் அறுப்பது உங்கள் நூலாக இருக்கட்டும்.

கேள்வி: போன மாதம் சூரை பிடித்து வந்து சமைத்தோம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கு முகம் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் தடிப்பு. மீன் கெட்ட வாடை எதுவும் அடிக்கவில்லை. அலர்ஜியா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹிஸ்டமின் நஞ்சு போல இருக்கிறது. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி வகை மீன்களை வெயிலில் போட்டு வைத்தால் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும், அது வாடையிலும் தெரியாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும், ஆனால் மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த இரண்டு பேரும் மறுபடி மீன் சாப்பிடும் முன் ஒருமுறை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது, நிஜமான அலர்ஜியும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இனிமேல் மீன் படகில் ஏறியதும் செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு, குடலை எடுத்துவிட்டு, உடைத்த ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் முழுக முழுகப் போடுங்கள். ஐஸுக்கு மேலே சும்மா வைத்தால் அடிப்பக்கம் மட்டும்தான் குளிரும். மீனின் எடைக்குக் குறையாமல் ஐஸ் இருக்க வேண்டும். ஐஸ் தீர்ந்துவிட்டது என்றால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புங்கள்.